சீனியின் முதுகில் ஒரு பேருந்து

முதல் நாளே ரெஜினாவின் முதுகில் ஏழு எலும்புகள் கூடிவிட்டன.

மனிதருக்கு நெஞ்சுக்குப் பின்னாலும் இடுப்பிலுமாகச் சேர்த்துப் பதினேழு முதுகெலும்புகள். குதிரைக்கு இருபத்து நான்கு. பாடப் புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிற செய்தி இது. படித்து யாரும் மயங்கி விழுந்ததில்லை. ஆனால் அந்த ஏழும் தன் முதுகுக்குள்ளேயே ஒவ்வொன்றாகக் கண் விழித்தால் கதை வேறு. ரெஜினாவின் முதுகு நீண்டுகொண்டே போனது. கொட்டிலைத் தாண்டி, வேலியைத் தாண்டி, மேல்மலைப் பனிக்குள் போய் அங்கே ஒரு வாலாக முடிந்தது. அந்த வால் யாரையும் கேட்காமல் ஓர் ஈயை விரட்டியது. ரெஜினா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

“வால் வந்துருச்சாக்கா?” என்று கேட்டான் முத்துக்கருப்பன், பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

“வந்துருச்சு தம்பி. ஈ ஓட்டுது.”

“அப்ப நல்லா இணைஞ்சிருச்சுன்னு அர்த்தம். எனக்குக் காலையில வந்த வால் ஆடவே இல்ல. சும்மா தொங்குச்சு.”

கொடைக்கானலுக்கும் மேலே, மேகம் வழிதவறி வந்து தங்கிவிடுகிற ஒரு சரிவில் இருந்தது அந்தப் பயிலகம். விலங்குகளின் முதுகெலும்பைக் கையால் சீர்செய்யும் கைரோபிராக்டிக் வைத்தியத்துக்கு ஐந்து மாதப் பட்டயப் படிப்பு. திண்டுக்கல்லில் ரெஜினாவின் மாமியார் இதைக் கேட்டுவிட்டு, “மாட்டுக்கு நெட்டி முறிக்கிறதுக்கு ஒரு படிப்பா?” என்று கேட்டார். நெட்டி முறிப்பதுதான். ஆனால் எந்த நெட்டியை, எந்தப் பக்கம், எவ்வளவு மெதுவாக என்று தெரிய இருநூற்றுப் பத்து மணி நேரம் தேவைப்பட்டது.

இரண்டு சாதி மனிதர்களைத்தான் அங்கே சேர்த்துக்கொள்வார்கள். ஒன்று, கால்நடை மருத்துவர்கள். இன்னொன்று, மனித முதுகுகளைக் கையாண்டு பழகியவர்கள். முதல் வகைக்கு விலங்கு தெரியும், விரல் நுட்பம் தெரியாது. இரண்டாம் வகைக்கு விரல் தெரியும், குதிரை உதைக்கும் என்பதே உதை வாங்கிய பிறகுதான் தெரியும். அதனால் இருவரையும் ஜோடி சேர்த்துவிடுவார்கள். சிவகங்கை கால்நடை மருத்துவர் முத்துக்கருப்பனுக்கு, திண்டுக்கல் பிசியோதெரபிஸ்ட் ரெஜினா வாய்த்தாள்.

பயிலகத்தின் தலைவி டாக்டர் நாச்சியார். அறுபத்து மூன்று வயது. தீவன மூட்டையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு மேடேறுவார். முதுகு நூல் பிடித்த மாதிரி இருக்கும். முதல் வகுப்பில் அவர் சொன்னது இதுதான்:

“மனுசன்கிட்ட எங்க வலிக்குதுன்னு கேட்டா, வலிக்காத இடத்தையும் சேர்த்துச் சொல்லுவான். குதிரைகிட்ட கேட்டா புல்லத் தேடும். அதுக்குத்தான் இந்தக் கோர்வை. நீங்க போட்டிருக்கிற வலைச் சட்டையும் குதிரை மேல இருக்கிற வலைப் போர்வையும் ஒண்ணோட ஒண்ணு பேசும். அதோட முதுகுக்குத் தெரியறது உங்க முதுகுக்கும் தெரியும். உங்க வேலை, அங்க எது சரியில்லன்னு உள்ள இருந்து கண்டுபிடிச்சு, வெளிய இருந்து சரிபண்றது. மூணு விதி. கோர்வையில இருக்கும்போது நிக்கணும், உட்காரக் கூடாது. குதிரை நிக்குது, நீங்க உட்கார்ந்தா தலை சுத்தும். ரெண்டாவது, ஒரே குதிரையோட ஏழு தடவைக்கு மேல இணையக் கூடாது.”

“எட்டாவது தடவ இணைஞ்சா என்ன மேடம் ஆகும்?” என்று முத்துக்கருப்பன் கேட்டான். எல்லா வகுப்பிலும் இப்படி ஒருவன் உண்டு.

“கை குழம்பும். எது அதோட எலும்பு, எது நம்மளோடதுன்னு தெரியாமப் போகும். அவ்வளவுதான். மூணாவது விதி நீங்க ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு வந்ததுதான். உங்க முதுகுல வலி இருக்கக் கூடாது. சொந்த வலியோட உள்ள போனா குதிரை சொல்றது காதுல விழாது.”

ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள். விண்ணப்பத்தின் நான்காம் கேள்விக்கு அவள் ‘இல்லை’ என்று எழுதியிருந்தாள். பச்சைப் பொய்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் நத்தத்திலிருந்து திரும்பும்போது, பேருந்தின் கடைசி வரிசையில் இரண்டு வயது அனிட்டாவை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓட்டுநர் ஒரு வேகத்தடையைக் கவனிக்கவில்லை. குழந்தை மேலே பறந்துவிடாமல் இறுக்கிப் பிடித்தாள். தன்னைப் பிடித்துக்கொள்ளக் கை இல்லை. இடுப்பின் நான்காவது எலும்பில் அன்று உட்கார்ந்த வலி எழுந்திருக்கவே இல்லை. எந்த எக்ஸ்ரே படத்திலும் அது தெரியவில்லை. ஊரார் முதுகையெல்லாம் பகலில் நிமிர்த்திவிட்டு, வீட்டுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். அனிட்டாவை அதற்குப் பிறகு அவள் தூக்கியதில்லை. குழந்தை கையை நீட்டும். ரெஜினா முத்தம் கொடுத்துச் சமாளிப்பாள். ஐந்து வயதில் அனிட்டா கையை நீட்டுவதை நிறுத்திக்கொண்டது. அந்த நாள்தான் ரெஜினா அழுதாள்.

நாள் முழுக்கக் குனிந்து செய்கிற வேலையை இனி அவளால் இழுக்க முடியாது. விலங்கு வைத்தியம் நின்று செய்வது. திண்டுக்கல் பக்கத்திலேயே ஒரு விலங்கு மருத்துவமனை, பட்டயம் வாங்கி வந்தால் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. அதற்காகத்தான் அந்தப் பொய்.

அவளுக்குக் கிடைத்த குதிரை சீனி. சாம்பல் கலந்த வெள்ளை, ஒன்பது வயது. ஏரியைச் சுற்றிச் சுற்றுலாக்காரர்களைச் சுமந்து பிடரிக்குக் கீழே ஒரு மூட்டு இறுகிப்போய் வந்தது. ரெஜினா அதை ஆறாவது நாள் கண்டுபிடித்தாள், பதினைந்தாவது நாள் விடுவித்தாள். சீனி தலையைத் தாழ்த்தி, வாயை மென்று, நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. இறுக்கம் விட்டால் குதிரைகள் அப்படித்தான் செய்யும். அந்தப் பெருமூச்சு ரெஜினாவின் விலா வழியாகவும் போனது. இப்படி ஒரு சுகம் உலகத்தில் இருப்பதாக அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

அங்கிருந்த நாட்கள் தூக்கத்தில் நடக்கிற மாதிரியே கழிந்தன. காலையில் பனி ஜன்னல் வரை வந்து நிற்கும். மெஸ்ஸில் தட்டோடு நின்றபடியே நாலு பேர் கண்ணயர்ந்திருப்பார்கள். குதிரைத் தூக்கம் தொற்றிக்கொண்டது. மழை வருவதற்கு முன்பே எல்லோருடைய முதுகுத் தோலும் சிலிர்க்கும். சத்தம் வந்த திசைக்குக் காது திரும்ப முயலும். மனிதக் காதாகையால் திரும்பாது. முத்துக்கருப்பன் ஒரு நாள் கேரட்டைக் கடித்துக்கொண்டே, “அக்கா, எனக்கு இது இவ்வளவு ருசின்னு தெரியாமப் போச்சே” என்று கண் கலங்கினான்.

இரண்டாம் மாதக் கடைசியில் ரெஜினாவின் வலி போய்விட்டது.

எப்போது போனது என்று சொல்ல முடியாது. ஒரு காலை செருப்பை எடுக்கக் குனிந்தாள், எடுத்தாள், நிமிர்ந்தாள். பிறகுதான் உறைத்தது. மறுபடி குனிந்து பார்த்தாள். செருப்பை வைத்து வைத்து எடுத்தாள். மேல்மலைக் காற்று என்றார்கள் சக மாணவர்கள்; இங்கே வருகிறவர் எல்லோருக்கும் முதுகு நன்றாகிவிடுமாம். அந்த ஞாயிற்றுக்கிழமை கணவர் சவரிமுத்து அனிட்டாவைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, ரெஜினா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மேடு முழுக்க நடந்தாள். அனிட்டா முதலில் விறைப்பாக இருந்தது. பாதி மேட்டில் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

“எறக்கி விட்டுறாதம்மா” என்றது.

அதற்குப் பிறகு சீனியை விட ரெஜினாவுக்கு மனம் வரவில்லை. பயிலகத்தில் எழுதப்படாத வழக்கம் ஒன்று இருந்தது. மாணவர்கள் அதிகம், குதிரைகள் குறைவு. ஏழு தடவை முடிந்துவிட்டால் பதிவேட்டில் பக்கத்துக் கொட்டில் குதிரையின் பெயரை எழுதிவிட்டுப் பழகிய குதிரையோடே இணைந்துகொள்வார்கள். ஜோடி கையெழுத்துப் போடும். எல்லோரும் செய்தார்கள். ரெஜினா கொஞ்சம் முன்ஜாக்கிரதையாக, நான்காவது தடவைக்குப் பிறகே சீனியின் பெயரை எழுதுவதை நிறுத்தியிருந்தாள். உண்மையில் அவள் சீனியோடு இணைந்தது முப்பத்தோரு தடவை. கோர்வையில் இருக்கும்போது முதுகில் ஏதோ ஒன்று இளகி, நீண்டு, தூரத்தில் எங்கோ கரைந்து போகும். அதை அவள் சீனி கொடுக்கும் வரம் என்று நினைத்துக்கொண்டாள்.

நான்காம் மாதம் சீனி நொண்ட ஆரம்பித்தது.

படம் எடுத்தார்கள், ஒன்றுமில்லை. குளம்பைப் பார்த்தார்கள், தசைநாரைப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. நின்றால் பின்னங்காலை மாற்றி மாற்றி வைக்கும். கீழே சாலையில் வண்டி ஏதாவது குலுங்கிப் போனால் உடம்பெல்லாம் விதிர்க்கும். இப்படிக் காரணம் பிடிபடாத குதிரைகளுக்குச் சரிவின் கீழே ஓய்வுக் கொட்டில் ஒன்று இருந்தது. நல்ல புல், நல்ல தண்ணீர். முப்பது குதிரைகள் அங்கே நொண்டிக்கொண்டு நின்றன.

“தேர்வுல யாராவது சரிபண்ணாப் பாப்போம். இல்லன்னா அவளும் கீழ போயிர வேண்டியதுதான்” என்றார் நாச்சியார்.

தேர்வில் யாருக்கு எந்தக் குதிரை என்பதைப் பதிவேடு தீர்மானிக்கும். ஒவ்வொருவருக்கும் அவர் அதிகம் பழகாத குதிரைதான் வரும். பழகிய முதுகில் திறமை காட்டுவது பெரிய காரியமில்லை என்பது பயிலகத்தின் கொள்கை. ரெஜினாவின் பதிவேட்டில் மிகக் குறைவாக இருந்த பெயர் சீனி. நான்கே நான்கு தடவை. பட்டியலைப் பார்த்த முத்துக்கருப்பன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

“அதிர்ஷ்டம்னா இதுதான்க்கா. நீங்க கண்ண மூடிக்கிட்டே பாஸ்.”

தேர்வு காலை ஒன்பது மணிக்குத் தொடங்கியது. பகல் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் இடைவெளி. மாலைக்குள் வலியின் மூலத்தைக் கண்டுபிடித்து, முடிந்தால் நீக்கி, அறிக்கை எழுதி நாச்சியாரிடம் வாய்மொழித் தேர்வுக்குப் போக வேண்டும். ரெஜினா வலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு சீனியின் பக்கத்தில் நின்று உள்ளங்கையை அதன் முதுகில் வைத்தாள். ஏழு எலும்புகளும் வழக்கம் போல வந்து சேர்ந்துகொண்டன. பனி இரண்டு பேரையும் சுற்றி வந்து நின்றது. சீனி கண்ணை மூடியது. நின்றபடியே தூங்கிப்போனது. ரெஜினாவும் கூடவே போனாள்.

குதிரையின் கனவு முதுகில்தான் நடக்கும். முதலில் புல் வந்தது, வயிற்றுக்கு அடியில் ஈரமாக. பிறகு ஏரி. சேணத்தின் கனம். முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் பயம், இரண்டு முழங்கால்களாக விலாவை அழுத்தியது. அதெல்லாம் சீனியுடையதுதான், ரெஜினா அதைப் பலமுறை கண்டிருக்கிறாள். அதற்கப்பால் புல் மெல்ல அதிர ஆரம்பித்தது. அதிர்வு கால் வழியாக வரவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்து வந்தது. கிழிந்த ரெக்சின். டீசல் வாடை. ஜன்னல் கம்பி தோளில் இடித்தது. தொடைகளின் மேல் ஒரு சிறிய, வெதுவெதுப்பான கனம், தூங்குகிற கனம், எச்சில் ஒழுகுகிற கனம்.

குதிரைக்கு மடி கிடையாது.

ரெஜினாவுக்குத் தூக்கத்திலேயே அது தெரிந்தது. இது அனிட்டா. இரண்டு வயது அனிட்டா. அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும், சீனிக்கும் தெரிந்திருந்தது. கனவில் குதிரை அந்தக் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. வேகத்தடை வந்தது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண் விழித்தார்கள். சீனி பின்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது. ரெஜினா வலைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் முத்துக்கருப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நான்காம் கேள்வியை, பேருந்தை, செருப்பை, மேடு முழுக்கக் குழந்தையைத் தூக்கி நடந்ததை. அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

“அப்ப கோர்வை ரெண்டு பக்கமும் ஓடுது” என்றான் மெதுவாக.

“ஏழு தடவைக்கு அப்புறம் திரும்பி ஓடும்போலத் தம்பி. எனக்கு நல்லாகல. நான் அவ முதுகுல ஏத்தி விட்டுட்டேன்.”

“ஒண்ணு சொல்லவா? ‘மூலம் புலப்படவில்லை, ஓய்வு தேவை’ன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துருங்க. நாப்பத்தஞ்சு மார்க் வரும். பாஸுக்கு நாப்பது போதும்.”

“சீனி?”

“கீழ போகும். புல்லுக்கு என்ன பஞ்சம்? அக்கா, நான் கெட்டவன் இல்ல. யோசிச்சுப் பாருங்க. அதுகிட்ட இருந்து திருப்பி எடுத்துட்டீங்கன்னா குதிரை நல்லாயிரும், நீங்க மூணாவது விதிப்படி லாயக்கில்லன்னு ஆயிரும். எடுக்காம விட்டா குதிரை நொண்டும், உங்களுக்குப் பட்டயம். அவ நொண்டினாத்தான் நீங்க தகுதி. இப்படி ஒரு பரீட்சைய நான் பாத்ததே இல்ல.”

“பட்டயம் போனாப் போகட்டும்னு கூடச் சொல்லிருவேன்” என்றாள் ரெஜினா. “வேற வேலை தேடிக்கலாம். ஆனா எம் புள்ளய மறுபடி கீழ எறக்கி விடணும்ல. மூணு வருசம் கழிச்சு இப்பத்தான் தூக்கினேன். அதச் சொல்லு. அதுக்கு என்ன பண்றது?”

முத்துக்கருப்பன் சம்பந்தமில்லாமல் பேசினான்.

“காளையார்கோயில்ல ஒரு மாடு என்னைய உதைச்சுச்சு. நாலு வருசமா வலது இடுப்பு பிடிச்சுக்கும். இங்க வந்ததுல இருந்து...” அவன் கை தானாக இடுப்பைத் தடவியது. தடவிய கை அப்படியே நின்றது. பிறகு அவன் சாப்பிடவில்லை.

ரெஜினா கொட்டிலுக்குத் திரும்பினாள். இடைவெளியில் சீனிக்கு யாரோ கேரட் வைத்திருந்தார்கள், அது தொடவில்லை. ரெஜினாவைக் கண்டதும் காதை முன்னால் நீட்டியது. முப்பத்தோரு தடவை வந்து தன் சுமையை இறக்கி வைத்துவிட்டுப் போனவளைப் பார்த்து அதற்குக் கோபமே இல்லை. அதுதான் ரெஜினாவால் தாங்க முடியாமல் போனது. கோபப்பட்டிருந்தால் ஒருவேளை அவள் நாற்பத்தைந்து மார்க்கோடு போயிருப்பாள்.

எப்படித் திருப்பி எடுப்பது என்று எந்தப் பாடத்திலும் இல்லை. அவள் சட்டையைப் போட்டுக்கொண்டு கையை வைத்தாள். நான்காவது எலும்பைத் தேடினாள். குதிரையின் இருபத்து நான்குக்கு நடுவே அந்த வலி எந்த எலும்போடும் சேராமல், இடம் தெரியாத ஆள் மாதிரி நின்றது. அழுத்தினால் நகர்ந்தது, விட்டால் திரும்பி வந்தது. அதற்குப் பழக்கமான உடம்பு வேறு. அது உட்கார்ந்திருந்த உடம்பில் வந்த வலி. நின்றுகொண்டே இருக்கிற ஒரு பிராணியிடம் அது எங்கே போய் ஒதுங்கும்?

மூலையில் தேர்வு மேற்பார்வையாளரின் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கிடந்தது. ஐந்து மாதத்தில் கோர்வையில் இருந்தபடி யாரும் செய்யாத ஒன்றை ரெஜினா செய்தாள். நாற்காலியை இழுத்துச் சீனியின் பக்கத்தில் போட்டு, உட்கார்ந்தாள். முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டாள். இரண்டு கைகளையும், குழந்தையைப் பிடிக்கிற மாதிரி, மடிக்கு மேலே வளைத்துக்கொண்டாள்.

“வா” என்றாள்.

அது வந்தது. அவசரப்படாமல், வழி தெரிந்த மாதிரி, நீண்ட முதுகின் கடைசியிலிருந்து ஒவ்வோர் எலும்பாகத் தாண்டி வந்து, தன் பழைய இடத்தில் அமர்ந்துகொண்டது. ரெஜினாவுக்குக் கண் இருட்டியது. அந்த இருட்டுக்குள் சீனி தலையைத் தாழ்த்தி வாயை மெல்லும் சத்தமும், நீளமாக மூச்சு விடும் சத்தமும் கேட்டன. வலித்தது. அந்த வலியோடு சேர்ந்து, யாரோ அவளைக் கீழே இறக்கி விட்ட மாதிரி ஒரு நிம்மதியும் இருந்தது. சீனி நான்கு கால்களிலும் சமமாக நின்று கேரட்டைத் தின்னத் தொடங்கியது.

மாலை நான்கு மணிக்கு நாச்சியாரின் அறைக்குள் ரெஜினா கதவைப் பிடித்துக்கொண்டு நுழைந்தாள். நாச்சியார் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நிற்பதுதான் அவர் வழக்கம்.

“சீனி புல்வெளியில ஓடுறா. நானே பாத்தேன்” என்றார். “பத்தொம்பது வருசத்துல காரணம் தெரியாத நொண்டிய சரிபண்ணின முதல் ஆள் நீங்க. எந்த எலும்பு?”

“நாலாவது இடுப்பெலும்பு மேடம்.”

“அதத்தான் மூணு பேரு பாத்தோமே. ஒண்ணும் இல்லையே.”

“குதிரையோடது இல்ல மேடம். என்னோடது.”

ரெஜினா எல்லாவற்றையும் சொன்னாள். பதிவேட்டில் எழுதிய பொய்ப் பெயர்களையும் சொன்னாள். முத்துக்கருப்பன் கையெழுத்துப் போட்டதை மட்டும் விட்டுவிட்டாள். அவள் முடித்ததும் நாச்சியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“உங்களுக்குப் பட்டயம் குடுக்க முடியாது ரெஜினா. விதி விதிதான். நான் மீறினா நாளைக்கு எவனும் மதிக்க மாட்டான்.”

“தெரியும் மேடம்.”

“விலங்கு மேல இனிமே நீங்க கை வைக்கக் கூடாது. சட்டப்படி.”

“சரி மேடம்.”

“உட்காருங்க. நிக்க முடியல உங்களால.”

ரெஜினா உட்கார்ந்தாள். நாச்சியார் உட்காரவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்:

“உட்கார்ந்ததும் வந்துருச்சா?”

“வந்துருச்சு.”

“ரொம்ப வலிச்சுச்சா?”

ரெஜினா ஆறுதலாக ஏதாவது சொல்லலாமா என்று யோசித்தாள். பிறகு, “ரொம்ப வலிச்சுச்சு மேடம்” என்றாள்.

நாச்சியார் பேசினார். குரல் வகுப்பில் பேசுகிற குரலாக இல்லை. “முதல் கோர்வைய நானும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்துதான் செஞ்சோம். அப்ப விதியெல்லாம் ஏது? ஒரே குதிரையோட ஒரு வருசம் முழுக்க இருந்தேன். எனக்கு அதுக்கு முன்னாடி கழுத்துல நரம்பு பிடிச்சு, வலப்பக்கம் திரும்பவே முடியாது. அந்த வருசத்தோட சரியாப்போச்சு. அவனுக்கு அந்த வருசத்துல இருந்து கழுத்து கோணிப்போச்சு. வயசுன்னு நெனச்சேன். நெனச்சேன்னு சொல்றேன். அப்படி நெனச்சுக்கிட்டேன். ஏழு தடவைன்னு விதி போட்டதும் நான்தான். ஏன்னு கேட்டவங்களுக்கெல்லாம் கை குழம்பும்னு சொன்னேன்.”

அவர் திரும்பி, தன் மேசைக்குப் பின்னால் பத்தொன்பது வருடமாக அதிகம் உபயோகப்படாமல் கிடந்த மர நாற்காலியைத் தூக்கினார். தேக்கு. நல்ல கனம். ஒரு கையால் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

“என்கூடக் கீழ வர்றியாம்மா?” என்றார். “நீ ஒண்ணும் தொட வேண்டாம். பக்கத்துல நின்னாப் போதும். எனக்கு பயமா இருக்கு.”

சரிவில் இறங்கும்போது ரெஜினா ஒவ்வோர் அடிக்கும் பல்லைக் கடித்தாள். நாச்சியார் நாற்காலியோடு அவளுக்காக நின்று நின்று நடந்தார். ஓய்வுக் கொட்டிலில் வெயில் சாய்ந்திருந்தது. முப்பது குதிரைகளும் தத்தம் வலியோடு ஒவ்வொரு விதமாக நின்றன. ஒன்று முன்னங்காலைத் தூக்கி வைத்திருந்தது. ஒன்று இடுப்பைச் சரித்துக்கொண்டிருந்தது. முத்துக்கருப்பன் முதல் மாதம் பழகிய செம்மண் நிறக் குதிரை அது. இந்த வலிகளின் சொந்தக்காரர்கள் பட்டயத்தோடும் நேரான முதுகோடும் எந்தெந்த ஊர்களில் இப்போது நிம்மதியாக இருக்கிறார்களோ என்று ரெஜினா நினைத்தாள். கூப்பிட்டால் வருவார்களா என்றும் நினைத்தாள். வர மாட்டார்கள் என்று உடனே சொல்லிவிட அவளுக்கு மனமில்லை. இன்று காலை கேட்டிருந்தால் அவளும் வந்திருக்க மாட்டாள்.

கடைசியில் நின்றது ஒரு கிழட்டுக் கறுப்புக் குதிரை. இருபத்தாறு வயது. கழுத்து இடப்பக்கமாகக் கோணி, எந்நேரமும் கொட்டில் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது. நாச்சியார் அதன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டார். கையோடு கொண்டு வந்த வலைச் சட்டையை மாட்டிக்கொண்டார், போர்வையை அதன் முதுகில் விரித்தார். நாற்காலியின் நான்கு கால்களும் மண்ணில் சரியாகப் பதிகிறதா என்று ஆட்டிப் பார்த்தார். மறுபடி ஆட்டிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் நாச்சியாரின் நிமிர்ந்த முதுகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகியது. தலை இடப்பக்கம் சாய்ந்தது. தாடை இறுகியது. “அம்மா” என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் கிழட்டுக் குதிரை வாயை மென்றது. நீளமாக மூச்சு விட்டது. தலையைத் தூக்கி, சுவரிலிருந்து நகர்த்தி, நம்ப முடியாமல் நடுவில் கொஞ்சம் நிறுத்தி, வலப்பக்கம் முழுவதுமாகத் திரும்பியது. திரும்பியபடியே நின்றது.

நாச்சியாரின் முகம் இப்போது சுவரைப் பார்த்திருந்தது. கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்கக் கையைத் தூக்கவும் அவரால் முடியவில்லை.

“அவன் திரும்பிட்டானா?”

“திரும்பிட்டான் மேடம்.”

“என்ன பாக்குறான்?” என்று கேட்டார். “சொல்லும்மா. என்னால அந்தப் பக்கம் திரும்ப முடியல.”